சரி என்று எழுதியிருந்தது

பன்னிரண்டு நாட்களாக அவளுடைய கணவர் வீட்டிலேயே இருந்தார். வேலைக்குப் போய்ப் பழகிய ஆள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் நாலு சுவரும் ஆளுக்கு ஓரடி உள்ளே நகர்ந்து வந்துவிடுகின்றன. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பழைய குடை இரண்டுக்குக் கம்பி மாற்றினார். செய்ய ஒன்றும் அகப்படாத நேரங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பளவு தூக்கி, காற்றில் எதையோ திருகிக்கொண்டிருப்பார். உதடுகள் மட்டும் அசையும். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அந்த இடத்தில் கை நின்றுவிடும். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

குடிநீர் அலுவலகத்தில் அவர் வால்வு ஆள். தெருவுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்கி, ஆள் உயர இரும்புச் சாவியை மாட்டி, பெரிய குழாய்களைத் திறப்பதும் மூடுவதும் வேலை. கடைத்தெரு வால்வை மூட நாற்பத்தெட்டுச் சுற்று. முதல் நாற்பது சுற்றை எவ்வளவு வேகமாகவும் திருகலாம். கடைசி எட்டைத்தான் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலச் செய்ய வேண்டும். ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அது போகவும் வழியில்லாமல் நிற்கவும் முடியாமல் திரும்பி வந்து குழாயை அடிக்கும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே திருகுவதால் அலுவலகத்தில் அவருக்கு "நாப்பத்தெட்டு" என்றே பெயர்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு மேல் அந்த வால்வை அவர் மூடிக்கொண்டிருந்தபோது, இருநூறு அடி தள்ளி, கடைத்தெருக் குழாய் வெடித்தது. சாலை உள்வாங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்சுவர் சரிந்து, கடை திறக்க வந்தவரின் கால் எலும்பு முறிந்தது. அரை ஊருக்கு அன்றிலிருந்து லாரித் தண்ணீர்தான்.

வேகமாக மூடியதால்தான் உடைந்தது என்றது அலுவலகம். காரணமும் தெளிவாக எழுதியிருந்தார்கள்: பதிவுகளின்படி அந்தக் குழாய் நல்ல நிலையில் இருந்தது.

அந்தப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியவள் அவள்தான்.

மாலையில் தண்ணீர் லாரி வந்தது. குடங்களோடு நின்ற வரிசையில் எதிர்வீட்டுக்காரி அவளுக்கு இடம்விட்டாள். வார்த்தையால் குத்தாமல் மட்டும் விடவில்லை.

"வால்வுக்காரர் வீட்டுக்கே லாரித் தண்ணின்னா, நாங்கள்லாம் எம்மாத்திரம்?"

"எல்லாருக்கும் வர்றதுதானே எங்களுக்கும் வரும்" என்றாள்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. பாவம், மனுஷன் என்னமோ அவசரத்துல திருகிட்டாரு. நம்ம வீட்டுக் குழாயையே சில நேரம் அப்படித்தான் திருகிடறோம்."

அவள் குடத்தை முன்னால் நகர்த்தினாள். அவசரம் என்ற சொல் உள்ளே போய் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் ஏற்கெனவே புண்ணாகித்தான் இருந்தது.

குழாய் வெடித்த அன்று காலை ஆறு பத்துக்கு அவள் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். மூன்று மாதமாகவே அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், கேட்டால் ஒன்றுமில்லை. அன்று செருப்பை மாட்டும்போது கேட்டாள், "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று. "சரி சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். அது என்ன பதில் என்று அரைமணி நேரம் தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. இந்தப் பன்னிரண்டு நாளில் அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைத் தின்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி முடித்திருப்பாள்.

அவள் குடத்தை இறக்கி வைத்தபோது, அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினார். புருஷன் போனபிறகு இங்கே வந்து, பள்ளிச் சீருடை தைத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவர். வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது.

"நாளைக்கு எத்தனை மணிக்குடா விசாரணை?"

"பதினொண்ணு."

"என்ன சொல்லப் போறே?"

அவர் மேசைக்கு அடியில் குனிந்து, கால் ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஆளைவிட நாற்காலிக்கு வயது அதிகம். "ஒத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

தையல் இயந்திரம் நின்றது.

"எதை?"

"வேகமா மூடிட்டேன்னு."

"மூடினியா?"

"தெரியலக்கா." கம்பியைப் பல்லால் இழுத்து முறுக்கினார். "நாப்பத்திரண்டு வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எண்ணினேனா, நாப்பத்தெட்டுக்குத் தாவிட்டேனான்னு எனக்கே தெரியல. தெரியாதவன் எப்படி இல்லைன்னு அடிச்சுச் சொல்லுவான்? குழாய் நல்லா இருந்துதுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. நல்ல குழாய் தானா வெடிக்குமா? அப்ப நான்தானே."

"ஒத்துக்கிட்டா வேலை போயிடும்டா."

"போகும்."

"பத்தொன்பது வருஷம்டா!"

"கண்ணாடிக் கடைக்காரருக்குக் கால் போச்சே."

அடுப்படியில் நின்ற அவளுக்கு முதுகில் ஈரத்துணி பட்டதுபோல இருந்தது. நாற்பத்திரண்டாவது சுற்றில் எது அவரை நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்த மணியோசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள், தூங்குகிற நாயைச் சுற்றி நடப்பதுபோல.

அவர் எழுந்து, கையைத் தட்டி, "நாற்காலி சரி" என்றார்.

அண்ணி பெருமூச்சோடு வந்து அதில் உட்கார்ந்தார். கால் மடங்கியது. மேசை விளிம்பைப் பிடித்திருக்காவிட்டால் தரையில்தான் கிடந்திருப்பார்.

"ஏண்டா! சரின்னு சொன்னியேடா, பாவி!"

"சரி பண்ணியிருக்குன்னு சொன்னேன்க்கா. நல்லா இருக்குன்னு சொன்னேனா? உள்ளே மரமே செத்துப்போச்சு. கம்பி போட்டுக் கட்டியிருக்கேன். துணி வைக்கலாம். உன்னை யாரு உட்காரச் சொன்னா?"

"நாற்காலியில உட்காராம தலையிலயாடா தூக்கி வச்சுக்குவாங்க?"

பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அவர் சிரித்தார். அண்ணியும் இடுப்பைத் தடவிக்கொண்டே சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முட்டையைப் பொரித்துக்கொண்டிருந்த கரண்டி கையிலேயே நின்றது. முட்டை ஓரம் கருகி, வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

"என்னங்க."

"ம்?"

"குழாய் வேலை முடிஞ்சதும் சீட்டுல கடைசியில சரின்னு எழுதுவீங்களே."

"ஆமா."

"அப்படின்னா என்ன?"

"என்னன்னா? சரிசெய்யப்பட்டதுன்னு அர்த்தம். சேத்துக் கையோட அவ்வளவு நீளம் எவன் எழுதுவான்? நாங்க எல்லாருமே சரின்னு போட்டுட்டு வந்துடுவோம். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

சாப்பாட்டில் கை வைத்தாளே தவிர, வாய்க்குப் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அலுவலகம் பழைய சீட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்ற முடிவு செய்தபோது, ஒப்பந்தத்தில் அவளை எடுத்தார்கள். நகரத்துக் குழாய்களுக்கு வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வழியில்லை. எது மோசமோ அதை முதலில் மாற்றுவது, அதைக் கணினியே வரிசைப்படுத்திச் சொல்லிவிடும் என்றார்கள். மொத்தம் பதினோராயிரம் சீட்டு. பார்வையிட்டதற்கும் பழுது பார்த்ததற்கும் ஒரே அச்சுச் சீட்டுதான். கடைசிக் கட்டத்துக்கு மேலே "நிலை" என்று போட்டிருக்கும். பார்வையிடப் போனவர்கள் அதில் நன்று, சுமார், மோசம் என்று எழுதியிருந்தார்கள். கணினியிலும் அதே மூன்றுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்ட வேண்டும். சில சீட்டுகளில் "சரி" என்று இருந்தது. சரி என்றால் சரிதானே! யாரிடம் கேட்க வேண்டும்? அவள் ஒன்றைத் தட்டினாள். ஒரு நாளைக்கு நாற்பது ஒன்று, ஐம்பது ஒன்று. ஒன்று விழுந்த தெருக்கள் வரைபடத்தில் பச்சையாக மாறின. பச்சை கூடக்கூட அவளுக்கே ஊரைத் தான் குணப்படுத்திக்கொண்டிருப்பதுபோல ஒரு நிறைவு வரும்.

அதாவது, ஒரு குழாய் எத்தனை தடவை உடைந்ததோ அத்தனை தடவை அது நல்ல குழாய் என்று தட்டியிருக்கிறாள்.

மறுநாள் எட்டு மணிக்கே அலுவலகம் போனாள். பதிவறையில் தூசியும் பழைய ஈரமும் சேர்ந்த வாடை. கடைத்தெருக் கட்டை எடுத்துப் பிரித்தாள். ஆறு வருடத்தில் ஒன்பது பழுதுச் சீட்டுகள். ஒன்பதிலும் சரி. ஐந்து அவளுடைய கணவரின் கையெழுத்து. 'ச'வுக்குக் கொக்கி பெரிதாகப் போடும் அந்தக் கையை இருட்டில் தொட்டுப் பார்த்தால்கூட அவளுக்குத் தெரியும்.

ஐந்தாவது சீட்டின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, சாய்வாக எழுதியிருந்தது: "விரிசலுக்குக் கட்டின இரும்புப் பட்டி மேலேயே பட்டி. குழாய் டீயில் நனைத்த பிஸ்கட்."

அவளுக்கு நினைவு வந்தது. இதை அவள் படித்திருக்கிறாள். சிரித்திருக்கிறாள். பக்கத்து மேசைக்காரியிடம், "எங்க வீட்டுக்காரருக்குக் குழாயைப் பார்த்தாலும் டீ ஞாபகம்தான்" என்று சொல்லி, அவளும் சிரித்து, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிருக்கிறாள். பிஸ்கட்டுக்குக் கணினியில் கட்டம் இல்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே அலமாரி, ஒரே சோப்பு. அவர் எழுதியதை அவள் படித்தாள். ஒருநாள்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமலேயே புரிகிறது என்பதைத்தான் பத்து வருடமாக நெருக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதே முக்காலுக்குப் பொறியாளர் பதிவறைக்கு வந்தார். இளம் வயது, எப்போதும் சட்டைப்பையில் இரண்டு பேனா. அவள் சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை சீட்டு இப்படி?"

"சரின்னு இருக்கிறது நாலாயிரத்துச் சொச்சம் இருக்கும். அதுல சிலது பார்வையிட்டவங்க நிஜமாவே நல்லா இருக்குன்னு எழுதினது. எது எதுன்னு ஒவ்வொரு சீட்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அவர் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். நகரம் இலைபோலப் பசுமையாக இருந்தது.

"இதை வச்சுத்தாங்க அஞ்சு வருஷத் திட்டம் போட்டு மேல அனுப்பியிருக்கேன். பச்சையெல்லாம் கடைசி வருஷம். கையெழுத்து என்னுது."

"தெரியும் சார்."

"பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? வீட்டுக்காரரைக் காப்பாத்த, விசாரணை அன்னிக்குக் காலையில பொண்டாட்டி ஒரு கதையோட வந்துட்டான்னு சொல்லுவாங்க. உங்க ஒப்பந்தமும் அடுத்த மாசம் முடியுது." மிரட்டுவதாக அவள் நினைத்துவிடக் கூடாதென்று அவரே பதறினார். "நான் ஒளிக்கச் சொல்லல. மெதுவா, சத்தம் போடாம, நாமளே ஒவ்வொண்ணாத் திருத்திடலாம். ஆறு மாசம் குடுங்க."

"அவருக்கு ஒரு மணி நேரம்தான் சார் இருக்கு."

பொறியாளர் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். "அந்த சீட்டெல்லாம் அலுவலகச் சொத்து. பதிவறையை விட்டு வெளியே போகணும்னா என் கையெழுத்து வேணும்."

வெளியே போகும் சீட்டுகளைக் குறிக்கும் புத்தகத்தை அவள் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பொறியாளர் வரைபடத்தை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போடவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. விசாரணைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார். புத்தகம் திறந்தபடியே கிடந்தது.

அவள் தன் பெயரை எழுதினாள். நேரம் எழுதினாள். கடைத்தெரு, ஒன்பது சீட்டு என்று எழுதினாள். அனுமதித்தவர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

விசாரணை அதிகாரி தலை நரைத்த பெண். மேசைக்கு அந்தப்புறம் அவர், பக்கவாட்டில் பொறியாளர், இந்தப்புறம், கை கால் எங்கே வைப்பது என்று தெரியாமல், அவளுடைய கணவர். அவள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபோது அவர் ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தார். "நாப்பத்திரண்டு வரைக்கும்…" என்ற சொல் பாதியில் நின்றது.

"யாரும்மா நீங்க?"

"இங்க பதிவு பண்றவ. இவரோட மனைவியும் நான்தான்."

"ரெண்டுல எதா வந்திருக்கீங்க?"

"பதிவு பண்றவளா வந்திருக்கேன்."

சொன்னாள். அதிகாரி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவதில் நின்று, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, ஓரத்தில் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். அந்த அறையில் பிஸ்கட் என்ற சொல் யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை.

"இது யாரு எழுதினது?"

"நான்தாங்கம்மா" என்றார் கணவர்.

"இது ஏன் பதிவுல வரல?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க" என்றாள் அவள். "கட்டம் இல்லாட்டியும் நான் யார்கிட்டயாவது கேட்டிருக்கணும். சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

அதிகாரி பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தன் பேனாக்களைப் பார்த்தார். பிறகு "அவங்க சொல்றது சரி…" என்று ஆரம்பித்து, அந்தச் சொல் நாக்கைச் சுட்டதுபோல நிறுத்தி, "உண்மைங்க" என்றார்.

அத்தோடு அவள் போயிருக்கலாம். கதவு பின்னால் மூன்றடியில்தான் இருந்தது. ஆனால் பாதியை மட்டும் சொன்னால் அதுவும் தவறாகத் தட்டிய இன்னொரு 'ஒன்று'தான்.

"இப்ப மனைவியா ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்குக் காலையில ஆறு பத்துக்கு அவரைப் போன்ல கூப்பிட்டது நான்தான். அவரு குழியில இருந்த நேரம். அதையும் எழுதிக்குங்க."

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். என்ன செய்துவிட்டாய் என்ற பார்வையா, கடைசியில் செய்துவிட்டாயே என்ற பார்வையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எடுத்தீங்களா?" என்றார் அதிகாரி.

"எடுக்கலைங்கம்மா. அடிச்சுது. எண்ணிக்கை போயிடுச்சு. கடைசி ஆறு சுத்து மெதுவாத்தான் திருகினேன்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது."

"நல்ல குழாயா இருந்திருந்தா, ஆறு சுத்து வேகமாப் போனதுக்கு உடைஞ்சிருக்குமா?"

அவர் அவசரப்படவில்லை. பன்னிரண்டு நாளாகக் காற்றில் சுற்றிய கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.

"நல்ல குழாய் உறுமும்ங்க. உடையாது."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். இன்றைக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை, பத்து நாளில் மறுபடி கூப்பிடுவோம் என்றார். வேலை நீக்கம் அதுவரை இல்லை, வேலையும் இல்லை. அவளைப் பார்த்து, "நாலாயிரம் சீட்டையும் மறுபடி பார்க்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார். "நாலு மாசம்ங்க" என்றாள். "உங்க ஒப்பந்தம்?" "ஒரு மாசம்." அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, பதிவறைக்குப் போய்ச் சுவரிலிருந்த பச்சை வரைபடத்தைத் தானே கழற்றிச் சுருட்டினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருந்தது.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கடைத்தெருப் பள்ளத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தது. வெட்டி எடுத்த குழாய்த் துண்டு ஓரமாகக் கிடந்தது. துருவின் மேல் பட்டி, பட்டியின் மேல் பட்டி. அவர் குனிந்து விரலால் சுண்டினார். ஒரு பொருக்கு உதிர்ந்தது.

"படிச்சியா, நான் எழுதினதை?"

"படிச்சேன்."

"யாராவது படிப்பாங்கன்னுதான் எழுதினேன். அஞ்சு தடவை பட்டி கட்டினவன் நான்தானே. என்னைக்குப் போகும், என்னைக்குப் போகும்னு மூணு மாசமா அதே நினைப்பு. அந்த வால்வைத் தொடும்போதெல்லாம் இன்னிக்கோன்னு தோணும்."

பல்லைக் கடிக்கும் சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீதான் பச்சை அடிச்சிருக்கியே. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சதைவிடவா எனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

தங்கள் தெருவுக்குத் திரும்பினார்கள். லாரி வந்துபோன ஈரம் தெருவில் இன்னும் காயவில்லை. எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

படியருகில் அவள் நின்றாள். அன்று காலை கேட்ட இடம் இதுதான்.

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"சரி சரி" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எந்தச் சரி?"

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார். உள்ளே அண்ணியின் தையல் இயந்திரம் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அவருடைய உதடு அசைந்ததைப் பார்த்தாள். எண்ணுகிறாரோ என்று நினைத்தாள். இந்த முறை குறுக்கே எந்தச் சத்தமும் போடாமல், கடைசிச் சுற்றுவரை காத்திருந்தாள்.

"சீட்டுல எழுதற சரி" என்றார்.